கரையோரப் பிள்ளைகளும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி பக்கத்துப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் வணிகவியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை மாலைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேலை தேடும் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேசிவருகிறேன். தொண்டியிலிருந்து வருகிறார்கள், கீழக்கரையிலிருந்து வருகிறார்கள், மூக்கையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். ஊர்தான் வேறு வேறு. கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஐடிஐயில் ‘எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்’ என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது எதற்கு?

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என எந்தப் பிரிவு எடுத்தாலும் அந்தப் பாடம் கட்டாயம். பாஸானால் போதும் என்று பிள்ளைகள் அதை ஒதுக்கிவைக்கிறார்கள். தமிழில் வேலைத்திறன் என்று சொல்லலாம். தொழில் கைவசம் இருப்பது ஒன்று. அந்தத் தொழிலை வைத்து ஓர் இடத்தில் சேர்ந்து, நிலைத்து, மேலே வருவது இன்னொன்று. சொன்ன நேரத்துக்கு வருவது, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்பது, தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்வது, நாலு பேரோடு சேர்ந்து வேலை பார்ப்பது, பார்த்த வேலையை எழுதிவைப்பது, ஒரு மின்னஞ்சலை ஒழுங்காக அனுப்புவது எல்லாம் இந்த இரண்டாவதில் சேரும்.

படகில் ஏற வேண்டிய ஐந்து பேரில் ஒருவன் நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பையனுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவனுக்கு அது தெரியும். தனக்குத் தெரிந்தது ஒரு தகுதி என்பதுதான் அவனுக்குத் தெரியாது. என் திண்ணையில் நடக்கும் பேச்சில் பாதி இதைப் பற்றித்தான்.

“எங்க காலத்துல பத்தாவது முடிச்சாலே வேலை. இப்ப டிகிரி முடிச்சிட்டு சும்மா இருக்கான். படிப்புக்கே மதிப்புப் போயிருச்சா டீச்சர்?”

இதைக் கேட்காத அப்பா இல்லை. பாம்பனைக் காட்டித்தான் பதில் சொல்வேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித்தான் நடுப்பகுதியைத் தூக்குவார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்மோட்டாரில் நேராக மேலே ஏறுகிறது. கப்பலுக்கு வழிவிடும் வேலை அப்படியே இருக்கிறது. அந்த வேலைக்கு நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது மாறிவிட்டது. முன்பு தோளில் வலு வேண்டும். இப்போது மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பலகையும் தெரிய வேண்டும், பழுது வந்தால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும்.

படிப்புக்கும் இதேதான் நடந்திருக்கிறது. ஊருக்கு நாலு பேர் பத்தாவது முடித்திருந்த காலத்தில் சான்றிதழே ஆளைத் தனித்துக் காட்டியது. இன்று தெருவுக்கு நாலு பட்டதாரி இருக்கிறார்கள். சான்றிதழ் வாசல்வரை கொண்டுபோய் விடும், உள்ளே போனதும் “உனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்கிறார்கள். அதனால் படிப்பை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசலே இல்லாமல் உள்ளே போக வழியில்லை.

கலாம் அய்யா பெயரைச் சொல்லாமல் இந்தக் கரையில் படிப்பைப் பற்றிப் பேச முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, அங்கிருந்து திருச்சி, பிறகு சென்னை எம்ஐடி, 1958இல் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை. எல்லோருக்கும் இந்த ஏணி மனப்பாடம். நடுவில் விமானப்படை விமானி ஆக ஆசைப்பட்டுப் போய், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவது ஆளாக வந்து திரும்பினார் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வேன். அவர் கையில் விண்ணூர்திப் பொறியியல் இருந்தது. ஒரு கதவு மூடியபோது அதே படிப்பு இன்னொரு கதவைத் திறந்தது.

“என் பையனுக்குக் கடல் வேலை தவிர ஒன்னும் தெரியாது.” இவனுக்கு என்ன திறமை இருக்கிறது என்று எழுதுவது?

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தான். மூன்று நேர்முகத் தேர்வுகளில் தோற்றுவிட்டு என்னிடம் வந்தான். “உன்னைப் பத்திச் சொல்லு தம்பி” என்றேன். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பித்தான். ஐந்தாவது வரி வரவில்லை. வேர்த்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான்.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, “போன வாரம் கடலுக்குப் போனியா?” என்று கேட்டேன்.

“போனேன் டீச்சர்.”

“என்ன நடந்துச்சு, சொல்லு.”

சொன்னான். ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஜின் சூடேறிவிட்டது. சத்தம் மாறியதுமே அவனுக்குச் சந்தேகம். கூலிங் தண்ணீர் வெளியே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான், வரவில்லை. உடனே இன்ஜினை நிறுத்தச் சொல்லி, நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், படகு இழுத்துக்கொண்டு போகாமல் நங்கூரம் போட வைத்திருக்கிறான். பக்கத்துப் படகுகளுக்கு வாக்கி டாக்கியில் சொல்லியாயிற்று. பிறகு தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் கழற்றிப் பார்த்தால் பாலிதீன் பை. எடுத்துவிட்டு, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்டியிருக்கிறான். சொல்லும்போது கை தானாகக் குழாயைக் கழற்றிக் காட்டியது. பத்து நிமிடம் ஒரு தடுமாற்றம் இல்லை.

நான் பேச்சை நிறுத்திவிட்டு அவன் சொன்னதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன். சத்தத்தை வைத்துப் பழுதை ஊகித்தது. முதலில் ஆட்களின் பாதுகாப்பு, பிறகு இயந்திரம் என்று முடிவெடுத்தது. வெளியே தகவல் சொன்னது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும், அதனால் வேறெதுவும் கெட்டிருக்கிறதா என்று பார்த்தது. “இது எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கு தம்பி. நீ நாலு வரி ஒப்பிச்சியே, அதுல இதுல ஒன்னுகூட இல்ல” என்றேன்.

இரண்டு வாரம் அந்தக் கதையைத் தமிழில் மூன்று நிமிடத்துக்குள் சொல்லப் பழகினோம். பிறகு உடைந்த ஆங்கிலத்தில். அடுத்த நேர்முகத்தில் அதைத்தான் சொன்னானாம். எதிரே இருந்தவர் கடைசிவரை அந்த இன்ஜினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். இன்று ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான்.

அப்படியென்றால் பையன் கடலுக்கே போகட்டுமா, படிக்கட்டுமா?

கடல் தொழில் குறைந்த தொழில் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் 15 வயதில் ஒருவன் படகில் நிரந்தரமாக ஏறுவதைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். இது எப்படி நடக்கிறது என்று பல ஆண்டுகள் வகுப்பறையிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் விடுமுறை நாளில் ஒரு நடை போவான். பங்குக் காசு கையில் வரும். அந்தக் காசில் ஒரு போன், பிறகு ஒரு பைக்குக்கு முன்பணம். திங்கள், புதன், சனி விசைப்படகு போகும் நாட்களில் வகுப்பில் அவன் இடம் காலியாக இருக்கத் தொடங்கும். அரையாண்டுத் தேர்வுக்குள் பெயரை அடித்துவிடுவோம்.

வீட்டில் கடன் இருக்கும்போது “படிக்கட்டும்” என்று சொல்வது எளிதில்லை. அதை உணராமல் பேசவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கரையோரம் குறைந்துவரும் மீன், டீசல் விலை, எல்லை தாண்டியதாகச் சிறைபிடிக்கப்படும் படகுகள் எல்லாம் சேர்ந்து கடல் வருமானத்தை நம்ப முடியாததாக ஆக்கியிருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன்: அவன் கடலுக்குப் போவதானாலும், ஒரு சான்றிதழோடு போகட்டும். பத்தாவது இல்லாமல் போனவனுக்குப் பின்னால் திரும்பிவர வழி குறுகிப்போகிறது. பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ வைத்திருப்பவன் பத்து வருடம் கழித்து மனம் மாறினாலும் எங்கேயாவது நுழையலாம்.

கடலோடு ஒட்டிய படிப்பு, பயிற்சி என்னென்ன இருக்கின்றன?

நம் மக்களுக்கு இவை பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போவது எனக்குப் பெரிய ஆதங்கம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இலேயே மண்டபம் முகாமுக்கு வந்துவிட்டது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மண்டல மையம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாகக் கடல்விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது 2010இல் இந்த மண்டபத்தில்தான். கடலில் கூண்டு மிதக்கவிட்டு மீன் வளர்ப்பதையும் இங்கே செய்கிறார்கள். அந்த வளாகத்தின் சுவரை ஒட்டிப் பள்ளிக்குப் போய் வந்த பிள்ளைகள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பத்தாவது முடித்தவர்களுக்கு சிஃப்நெட் என்று சுருக்கமாகச் சொல்லும் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் இரண்டு படிப்புகள் வைத்திருக்கிறது: கலம் செலுத்துபவர், கடல் ஃபிட்டர். இரண்டும் இரண்டு வருடம். கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் நடக்கின்றன. பத்தாவதில் கணக்கிலும் அறிவியலிலும் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. அப்பாவோடு படகில் போய்ப் பழகிய பையனுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பை என்னால் யோசிக்க முடியவில்லை.

பன்னிரண்டாவதில் அறிவியல் படித்தவர்களுக்கு இளநிலை மீன்வள அறிவியல் இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம், 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இந்தப் படிப்புக்குச் செல்லும்.

கடற்பாசி வளர்ப்பு இன்னொரு வழி. மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை. திருவாடானைப் பக்கம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். பாசி எடுப்பதற்கும் கட்டுவதற்கும் நம் பெண்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் தரம் பார்ப்பது, உலர்த்தும் கூடத்தை நடத்துவது, கணக்கு, ஏற்றுமதி போன்ற வேலைகளுக்கு வெளியூர் ஆட்கள் வந்து உட்காரக் கூடாது என்றால், இப்போதே நம் பிள்ளைகள் வேதியியலும் வணிகவியலும் படிக்க வேண்டும்.

கப்பல் வேலைக்கு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். என்னிடம் படித்த பையன் ஒருவனின் வீட்டில் அம்மா தாலிச் செயின் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து ஒரு ஏஜெண்டிடம் ஒன்றரை லட்சம் கட்டினார்கள். மும்பைக்கு வரச் சொன்னார்கள். லாட்ஜில் 40 நாள் உட்கார வைத்தார்கள். போன் அணைந்தது. பையன் திரும்பி வந்து ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

முறையான வழி இது. பத்தாவது முடித்தவர்கள் கப்பலில் கீழ்நிலைப் பணியாளராகச் சேர ‘ஜிபி ரேட்டிங்’ என்ற ஆறு மாதப் பயிற்சி. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் மட்டும் சேர வேண்டும். அந்தப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பயிற்சி முடித்தால் சிடிசி என்ற கடற்பணிப் புத்தகம். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணையும் அதே தளத்தில் சரிபார்க்கலாம். உரிமம் உள்ள நிறுவனம் வேலைக்காகக் கப்பல் பணியாளரிடம் பணம் வாங்கக் கூடாது. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பலில் மேல்தள வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கட்டணத்தைக் கட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்து அழுதவர்கள் உண்டு.

“வாப்பாவும் சவுதியிலதான் இருக்காங்க. நானும் போறேன், எனக்கு எதுக்குப் படிப்பு?”

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நான்கு ஊர்களிலிருந்தும் இதே கேள்வி. பத்தாவது பாஸ் என்ற ஒரு தாள் இங்கே என்ன செய்கிறது பாருங்கள். அது இருந்தால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற பிரிவில் வரலாம். இல்லாதவர்கள் சவுதி, குவைத், கத்தார், அமீரகம், ஓமன், பஹ்ரைன், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி ஏழைத் தொழிலாளியைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக் குதிக்கலாம் என்று விசிட் விசாவில் அனுப்புகிறவரிடம் மாட்டினால், அங்கே சம்பளம் தராதபோது கேட்பதற்கு ஒரு தாளும் இருக்காது.

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் இணையதளத்தில் முகவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். 275 ரூபாய்க்கு யோசிக்காதீர்கள்.

இன்னொன்று. வாப்பா போன காலத்தில் ஓட்டுநர், கடைப்பையன், கட்டட வேலை என்று போனார்கள். இன்று அதே ஊர்களில் ஏசி மெக்கானிக், பைப் வெல்டர், கணக்கர், செவிலியர் வேலைக்குக் கையில் சான்றிதழும் இரண்டு வருட அனுபவமும் கேட்கிறார்கள். இங்கே இரண்டு வருடம் உழைத்துவிட்டுப் போகிறவனுக்கும், சும்மா போகிறவனுக்கும் கிடைக்கும் சம்பளத்தை உங்கள் வாப்பாவிடமே கேளுங்கள். அவர் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்.

ஆங்கிலம் வராது. என்ன செய்வது?

நமக்கு ஆங்கிலம் வராது என்பதைவிட, அந்நியர் முன்னால் எந்த மொழியிலும் பேச வராது என்பதே பெரிய குறை. வகுப்பில் 12 வருடம் “பேசாதே” என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் “பேசு” என்கிறோம். ஆசிரியராக இருந்தவள், இந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் தமிழில் பேசுங்கள். வீட்டிலோ தெருவிலோ பார்த்த ஒரு விஷயத்தைத் தினமும் மூன்று நிமிடம் போனில் பதிவு செய்து, நீங்களே கேளுங்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி இருக்கிறது. கடல் பேச்சை, நம் பேச்சை, அப்படியே ஒலிபரப்புகிறார்கள். மைக் முன்னால் நம் ஊர்க் குரல் எப்படி நிற்கிறது என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தமிழில் தடுமாற்றம் போன பிறகு, வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் பயப்படும் அளவுக்கு இல்லை. உங்கள் துறையின் சொற்கள் 200, போனில் பேசும் வாக்கியங்கள் 30, மின்னஞ்சல் மாதிரிகள் ஐந்தாறு. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள் மூன்றாம் பாடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அரசு வேலைக்கு எத்தனை ஆண்டு முயற்சி செய்யலாம்?

என் கருத்து, வேறு எதுவும் செய்யாமல் படிப்பதானால் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகு ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மீனவ இளைஞர்களுக்குக் கடற்படை, கடலோரக் காவல்படைத் தேர்வுகளுக்காகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. நீச்சலும் கடலும் பழகிய உடம்புக்கு அது நல்ல வாய்ப்பு. கணக்கும் இயற்பியலும் இல்லாமல் அங்கே பெரும்பாலான கதவுகள் திறக்காது. பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே யோசியுங்கள்.

அரசு தரும் உதவி?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்பில் இருந்தால் மாதம் 1,000 ரூபாய்: மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஐடிஐ, டிப்ளமோவும் இதில் சேரும். திறன் பயிற்சிக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன். சான்றிதழுக்காக வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்காமல், ஒரே ஒரு பாடத்தை உட்கார்ந்து முடித்தால் பயன் இருக்கும்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டான், அனுபவம் கேட்கிறார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது?

தொழில் பழகுநர் பயிற்சிக்கு. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் அளவுக்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருடம், உதவித்தொகையோடு. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, விண்ணப்பம் இணையத்தில். என்எல்சி, பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் எடுக்கின்றன. “சம்பளம் கம்மி டீச்சர்” என்பார்கள். வீட்டில் சும்மா இருக்கும் வருடத்துக்குச் சம்பளமே இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016லிருந்து நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் அந்தத் துறையின் பயிற்சிகளையும் தேடிப் பார்க்கலாம்.

ஏஐ வந்து எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளுமாமே?

தட்டச்சு, சாதாரணக் கணக்கு, மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளரின் முதல் கேள்விக்குப் பதில் சொல்வது போன்ற வேலைகள் குறையும். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் படகுக்காரர்கள் இதற்கு முன்பே பழகியவர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு, காற்று மேற்கிலிருந்து வரும் கச்சானா வடக்கிலிருந்து வரும் வாடையா, நீவாடு எந்தப் பக்கம், டீசல் எவ்வளவு இருக்கிறது, அந்த இடம் எல்லைக்குப் பக்கமா என்று பார்த்துப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது படகில் இருப்பவர்தான். இயந்திரம் சொல்வதை வாங்கி, சரிதானா என்று சோதித்து, பொறுப்பேற்று முடிவெடுக்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு துறையிலும் வேண்டும். ஏஐ எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை வாசிக்காமலே அனுப்புகிற பிள்ளைகளை மட்டும் நான் கண்டிக்கிறேன். அதில் உள்ள ஒரு வரியைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

பெண் பிள்ளையைத் திருப்பூர், சென்னை என்று வேலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அதற்காக வேலையையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விசாரியுங்கள். தங்கும் விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். பணி நியமனக் கடிதமும் வைப்புநிதிக் கணக்கும் இல்லாத வேலையில் சேர்க்க வேண்டாம். அதே ஊரிலிருந்து முன்பே போன ஒரு பெண்ணின் நம்பரை வாங்கி அவளிடம் பேசுங்கள். இவ்வளவும் செய்த பிறகு தைரியமாக அனுப்பலாம்.

விண்ணப்பத்தில் ‘பெற்றோர் தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது?

சின்னக் கேள்வி போலத் தெரியும். சின்னப்பாலத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி அப்பாவின் பெயருக்கு நேரே ‘மீனவர்’ என்றும் அம்மாவின் பெயருக்கு நேரே ‘ஹவுஸ் ஒய்ஃப்’ என்றும் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். கடற்பாசி எடுப்பவர். சேலைக்கு மேல் சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரலில் சுற்றிய துணி, இடுப்பில் பை. அதோடு ஐந்து மணி நேரம் தண்ணீரில். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்றும், பாசி வளரும் பருவத்தில் போகாமல் இருப்பது என்றும் அந்தப் பெண்கள் தாங்களாகவே கூடி முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

“அம்மா கடலுக்குப் போறாங்கல்ல? அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்கே?” என்று கேட்டேன்.

“பாசி எடுக்குறதுன்னு எழுதுனா சிரிப்பாங்க டீச்சர்.”

யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் அவள் சேரப்போவது கடல்சார் உயிரியல் படிப்பு. எந்தப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி, எந்த ஆழத்தில் கஞ்சிப்பாசி, எந்த மாதம் எது முற்றும் என்று அவள் எட்டு வயதிலிருந்து அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவள். அந்தப் படிவத்தில் அதைச் சொல்ல இருந்த ஒரே இடம் அதுதான். இதை அவளிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு புதுப் படிவம் ஒன்று கேட்டாள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டபோது ‘சீவீட் கலெக்டர்’ என்று எழுதிக் காட்டினேன். கலெக்டர் என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தாள். எழுதி முடித்ததும், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.